ரைட்டர் தெரியவில்லை என்பதற்கெல்லாம் ஃபார்மட் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினியில் டிவிடி ரைட்டர், அதாவது டிஸ்க்கில் எழுதும் டிரைவ், தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஃபார்மட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், இல்லாவிட்டால் புதுக் கணினி வாங்குங்கள்’ என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது ஃபார்மட் அடித்துக் கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவதற்குள் இந்தக் கடிதம் வெளிவந்தால் நல்லது.

எக்ஸ்பி 2001-இல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. இன்றைக்கும் அதை வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருப்பதில்லை. ஸ்கேன் கருவியோடு சேர்ந்து வந்த கணினி, லாரி எடைமேடைக் கணினி, எம்பிராய்டரி டிசைன் போடும் கணினி என்று பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் கணினிக்குள் செருகிய ஒரு பழைய பிசிஐ கார்டு இருக்கும். அல்லது பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிள், அதாவது சாவி போன்ற சிறு கருவி, இருந்தால்தான் திறக்கும் மென்பொருள் இருக்கும். ஃபார்மட் அடித்தால் ரைட்டர் தெரியலாம். ஆனால் அந்த மென்பொருளின் ஒரிஜினல் சிடி எங்கே, அதன் சீரியல் நம்பர் யாரிடம் என்று தேட ஆரம்பித்தால் கருவியே மூலையில் கிடக்க வேண்டியதுதான். இந்தக் கணினிகளை இன்டர்நெட்டில் இணைப்பது ஆபத்து. பென் டிரைவ் செருகினால் ஆட்டோரன் வைரஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். தகவலை வெளியே கொண்டுபோக ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிஸ்க்தான் பாதுகாப்பான வழி. அதனால்தான் ரைட்டர் நின்றுபோவது அங்கே சின்ன விஷயமில்லை.

‘தெரியவில்லை’ என்ற ஒரே சொல்லில் நான்கு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. விண்டோஸ் ஏறுமுன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸிலேயே டிரைவ் இல்லை என்பது ஒன்று. பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கிறது என்பது இரண்டாவது. விண்டோஸில் இருக்கிறது, டிஸ்க்கைப் படிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்பது மூன்றாவது. எழுதத் தொடங்கிப் பாதியில் கெடுப்பது நான்காவது. எது என்று பிரிக்காமல், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் கைவைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. கேபிள் கழன்றிருக்கும் டிரைவுக்கு ரிஜிஸ்ட்ரியில் மருந்து கிடையாது.

பிரிப்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பூட் ஆகக்கூடிய ஏதாவது ஒரு சிடியை, எக்ஸ்பி சிடியே போதும், அந்த டிரைவில் போட்டுக் கணினியை மறுபடி ஆன் செய்யுங்கள். பூட் வரிசையில் சிடி முதலில் இருக்க வேண்டும். ‘பிரஸ் எனி கீ டு பூட் ஃப்ரம் சிடி’ என்ற வரி திரையில் வந்தால் டிரைவ், கேபிள், மதர்போர்டு மூன்றும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். எந்தக் கீயையும் தொடாமல் விட்டுவிடுங்கள், வழக்கம்போல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எக்ஸ்பி வந்துவிடும். அந்த வரி வந்தால் பழுது விண்டோஸுக்குள். வரவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்கு முன் பயாஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டினால் வரும். முதல் பக்கத்தில் பிரைமரி மாஸ்டர், பிரைமரி ஸ்லேவ், செகண்டரி மாஸ்டர், செகண்டரி ஸ்லேவ் என்று நான்கு வரிகள், கேபிளுக்கு இரண்டு டிரைவ் வீதம். ரைட்டர் மாட்டிய இடத்தில் ‘நன்’ என்று இருந்தால் ‘ஆட்டோ’ ஆக்குங்கள். டிரைவின் மாடல் பெயர் வருகிறது, ஆனால் எழுத்துகள் குழம்பிக் கொக்கிகளும் வளைவுகளுமாகத் தெரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கேபிளில் பின் வளைந்திருக்கிறது, அல்லது ஒரே கேபிளில் இரண்டு டிரைவுக்கும் ஜம்பர் (டிரைவின் பின்பக்கம் உள்ள சின்னச் செருகி) மாஸ்டரில் இருக்கிறது.

ஐடிஇ டிரைவ்களை மாட்டும் பட்டை கேபிள் விஷயத்தில் ஒரு குழப்பம் இன்னும் தீரவில்லை. பிளக்கில் இருப்பது 40 பின்னுக்கான இடம்தான். கேபிளில் ஓடும் கம்பிகள் பழையதில் 40, பிறகு வந்ததில் 80. அந்த 80-இல் பாதி எர்த் கம்பிகள், பக்கத்துக் கம்பியின் சிக்னல் தாவாமல் தடுப்பதற்காக. 80 கம்பி கேபிளில் நீல பிளக் மதர்போர்டுக்கு, கறுப்பு கடைசியில் இருக்கும் மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ரைட்டர் ஒன்றுதான் என்றால் நடு பிளக்கில் மாட்டிவிட்டுக் கடைசி நுனியை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். அந்த நுனியிலிருந்து சிக்னல் திரும்பி அடிக்கும், டிரைவ் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. சிவப்புக் கோடு ஓடும் ஓரம் பெரும்பாலான டிரைவ்களில் பவர் பிளக் பக்கம் வரும். கேபிளின் நீளம் 45 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஹார்டு டிஸ்க் ஒரு கேபிளிலும் ரைட்டர் இன்னொரு கேபிளிலும் இருப்பது நல்லது. ஒரே கேபிளில் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து ரைட்டருக்குக் கொடுக்கும் வேலைக்கு அது சரிப்படாது.

பழைய ஐடிஇ ரைட்டர் செத்துப்போய், கடையில் கிடைத்த, மெல்லிய கேபிளில் மாட்டும் சாட்டா ரைட்டரை வாங்கி மாட்டியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். எக்ஸ்பி சிடியில் ஏஎச்சிஐ என்ற சாட்டா முறைக்கான டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், கிடையாது. அதனால் பயாஸில் சாட்டா முறை ‘ஐடிஇ’ அல்லது ‘கம்பேட்டிபிள்’ என்று இருந்தால்தான் கூடுதல் டிரைவர் இல்லாமல் ரைட்டர் தெரியும். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். ஹார்டு டிஸ்க்கும் சாட்டாவாக இருந்து, எக்ஸ்பி எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்கு மாறாகப் போனால் பிழை எண் 7பி என்று முடியும் நீலத்திரை வந்து நிற்கும். பதற வேண்டாம், பழைய முறைக்கே திருப்பினால் சரியாகிவிடும். நேற்றுவரை ஓடிய கணினி இன்று காலை இந்த நீலத்திரையில் நிற்கிறது, தேதியும் பல வருடம் பின்னால் போய்விட்டது என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, பயாஸ் தன் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்.

மதர்போர்டில் சாட்டாவே இல்லாதவர்களுக்கு ஐடிஇ பிளக்கை சாட்டாவாக மாற்றும் சின்ன அடாப்டர் போர்டு கிடைக்கும். அதை மாஸ்டராக வைத்து அந்தக் கேபிளில் தனியாக விட்டால் பெரும்பாலும் ஓடும். பிசிஐ சாட்டா கார்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும், சில கார்டுகள் ஹார்டு டிஸ்க்கை மட்டுமே ஏற்கும், ரைட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

யூஎஸ்பியில் மாட்டும் மெல்லிய ரைட்டருக்கு எக்ஸ்பியில் தனி டிரைவர் தேவையில்லை. கூடவே வரும் சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்களே என்றால், அதில் இருப்பது பெரும்பாலும் எரிக்கும் (டிஸ்க்கில் எழுதும்) மென்பொருள்தான். தேவைப்படுவது கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லிஆம்பியர் கொடுக்கக் கடமைப்பட்டது. ரைட்டரின் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள், 5 வோல்ட்டுக்கு நேராக அதைவிடக் கூடுதலாகவே போட்டிருக்கும். படிக்கும்போது சமாளித்துவிடும். எழுதத் தொடங்கி லேசர் முழுவேகத்தில் எரியும்போதுதான் கரண்ட் போதாமல் டிரைவ் ‘டிங்’ என்று துண்டித்துக்கொண்டு, அடுத்த நொடியே மறுபடி ‘டிங்’ என்று வரும். இரண்டு தலை உள்ள யூஎஸ்பி கேபிளை வாங்கி இரண்டு தலையையும் பெட்டியின் பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுகளில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுகளுக்கு உள்ளே ஓடும் மெல்லிய வயர் இதற்குப் போதாது. எக்ஸ்பியில் குறைந்தது சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் யூஎஸ்பி 2.0 வேகம் வராது. யூஎஸ்பி 1.1 வேகத்தில் டிவிடியை ஒரு மடங்கு வேகத்தில்கூட எழுத முடியாது. விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி ரைட்டர் வேண்டாம். அதில் பொதுவான டிரைவர் இல்லை, தயாரிப்பாளர் கொடுத்தது கிடைத்தால் உண்டு.

இனி விண்டோஸுக்குள் வருவோம். ஸ்டார்ட், ரன், அதில் டிஇவிஎம்ஜிஎம்டி என்று அடித்துப் புள்ளி வைத்து எம்எஸ்சி என்று முடித்தால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். அப்படி அடிக்கப் பிடிக்காவிட்டால் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர் என்று போகலாம். ‘டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ரைட்டரை இரட்டைக் கிளிக் செய்தால் நடுவில் உள்ள சின்னப் பெட்டியில் ‘கோடு’ என்று ஒரு பிழைக் குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ‘அன்இன்ஸ்டால்’ அழுத்துவது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

கோடு 32 என்றால் சிடி டிரைவர் சேவையை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். கல்லூரி லேப்களிலும் சில அலுவலகங்களிலும் மாணவர்களோ ஊழியர்களோ சிடி போடாமல் இருக்க இப்படிச் செய்வார்கள். அந்தக் கணினி பிறகு செகண்ட் ஹேண்டில் விலைக்கு வரும்போது பூட்டும் சேர்ந்தே வரும். ரிஜிஸ்ட்ரியில் (திறக்கும் வழி பின்னால் வருகிறது) கரண்ட்கண்ட்ரோல்செட்டுக்குள் ‘சர்வீசஸ்’ கீழே ‘சிடிராம்’ என்ற கோப்புறையில் ‘ஸ்டார்ட்’ என்ற மதிப்பு 4 என்று இருக்கும். அதை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. கோடு 41 என்றால் டிரைவர் ஏறிவிட்டது, டிரைவ் பதில் சொல்லவில்லை. மறுபடி கேபிளுக்குப் போங்கள்.

அதிகம் வருவது 19, 31, 39. இவை மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும்: ஃபில்டர்கள்.

ஃபில்டர் என்பது சிடி டிரைவருக்கு மேலும் கீழும் நின்று, போகிற வருகிற கட்டளைகளை இடைமறித்துப் பார்க்கும் குட்டி டிரைவர். எரிக்கும் மென்பொருள், விர்ச்சுவல் சிடி மென்பொருள், பாட்டு சிடி எழுதித் தரும் பிளேயர் எல்லாம் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சொருகும். மென்பொருளை நீக்கும்போது அதன் கோப்பு அழிந்துவிடும். ரிஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் நின்றுவிடும். அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது பட்டியலில் உள்ள பெயரைத் தேடும், கோப்பு இருக்காது. ஒரு ஃபில்டர் ஏறவில்லை என்றால் டிரைவையே தொடங்க மாட்டேன் என்று விண்டோஸ் நின்றுவிடும். ரைட்டரில் ஒரு குறையும் இல்லை, வாசலில் நிற்க வேண்டிய காவல்காரன் வரவில்லை என்பதற்காக வீட்டையே பூட்டிவிட்டது போலத்தான். இந்த நிலையில் டிரைவை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் எத்தனை முறை செய்தாலும் அதே மஞ்சள் குறிதான் வரும். பெயர் இருப்பது டிரைவின் கணக்கில் இல்லை, அந்த வகை டிரைவ்கள் எல்லாவற்றுக்குமான பொதுக் கணக்கில்.

ஸ்டார்ட், ரன், ‘ரெஜ்எடிட்’. இடப்பக்கம் எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாகத் திறந்துகொண்டே போங்கள். கிளாஸுக்குள் நெளி அடைப்புக்குள் நீண்ட எண்-எழுத்துச் சரங்கள் வரிசையாக நிற்கும். 4டி36இ965 என்று தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அதற்கு இரண்டு படி கீழே 4டி36இ967 என்று ஒன்று இருக்கும். கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம், அது ஹார்டு டிஸ்க்குகளுக்கு உரியது. அதிலும் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதில் ‘பார்ட்எம்ஜிஆர்’ என்ற பெயர் இருக்கும். அதை அழித்தால் கணினி அடுத்த முறை எழாது. கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றின் சரங்களும் இதே கூட்டத்தில் இதே மாதிரி தொடங்குபவைதான். எனவே 965-ஐக் கிளிக் செய்ததும் வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘சிடிராம்’ என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

முதலில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து அந்தக் கோப்புறையை மட்டும் டெஸ்க்டாப்பில் ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பழையதை ஏற்றலாம். பிறகு வலப்பக்கம் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’ வரியைத் திறந்து, அதில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘லோயர்ஃபில்டர்ஸ்’ வரிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டையும் டெலீட் செய்து ரீஸ்டார்ட் செய்தால் ரைட்டர் வந்துவிடும். பெயருக்குப் பின்னால் ‘பேக்’ என்று முடியும் நகல் வரிகள் இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம், அவை வேலை செய்வதில்லை. டெலீட் செய்தபின் ஏதாவது ஒரு எரிக்கும் மென்பொருள் ‘டிரைவைக் காணோம்’ என்று முறையிடக்கூடும். தாளில் எழுதிய பெயர்களில் அதற்குரியது இருந்திருக்கும். அந்த மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவுங்கள், தன் ஃபில்டரைத் தானே போட்டுக்கொள்ளும். ‘கியர்ஆஸ்பிடபிள்யூடிஎம்’ என்ற பெயரைப் பலரும் வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது ஐடியூன்ஸ் போன்றவை சிடி எழுதுவதற்காகப் போடும் ஃபில்டர், வைரஸ் அல்ல.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் இதே சரம், இதே வைத்தியம். அங்கே இதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட்டே சொன்ன இன்னொன்று உண்டு. ‘சர்வீசஸ்’ கீழே ‘அட்டாபி’ என்ற கோப்புறைக்குள் ‘கண்ட்ரோலர்0’ (Controller0) என்று புதிய கோப்புறை உருவாக்கி, அதற்குள் ‘இனும்டிவைஸ்1’ (EnumDevice1) என்ற டிவேர்டு வகை மதிப்பை 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பெயர்களில் இடைவெளி விடாமல் அடியுங்கள்.

மூன்றாவது வகைப் பழுதுதான் ஆட்களை அதிகம் சுற்றவிடும். டிரைவ் தெரிகிறது, படம் ஓடுகிறது, எழுதத்தான் மாட்டேன் என்கிறது. முதலில் ஒரு வீண் பயத்தைப் போக்கிவிடலாம். காலி டிஸ்க்கைப் போட்டு டிரைவை இரட்டைக் கிளிக் செய்தால் ‘இன்கரெக்ட் ஃபங்ஷன்’ என்று செய்தி வரும். படிக்க ஒன்றுமில்லாத டிஸ்க்கைப் படிக்கச் சொன்னதற்கான பதில் அது. பழுது அல்ல.

எக்ஸ்பியின் சொந்த எரிப்பு வசதி சிடிக்கு மட்டும். டிவிடி எழுத அதற்குத் தெரியாது. காலி டிவிடியைப் போட்டுவிட்டு ‘ரைட் தீஸ் ஃபைல்ஸ் டு சிடி’ என்பதை அழுத்தி அழுத்திக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். டிவிடிக்குத் தனி மென்பொருள் வேண்டும். இலவசமானவற்றில் இம்க்பர்ன் 2.5.8 எக்ஸ்பியில் நன்றாக ஓடும், இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வேறு எதையாவது ஏற்றக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரைவைக் காணோம் என்று அது சொன்னால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத பயனராக நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டிரைவோடு நேரடியாகப் பேச எக்ஸ்பி அந்த உரிமையைக் கேட்கிறது.

சிடியும் எழுதவில்லை என்றால் மை கம்ப்யூட்டரில் ரைட்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். ‘ரெக்கார்டிங்’ என்ற தாவல் இருக்க வேண்டும், அதில் ‘எனேபிள் சிடி ரெக்கார்டிங் ஆன் திஸ் டிரைவ்’ என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். தாவலே இல்லையென்றால் எக்ஸ்பி அந்த ரைட்டரைச் சாதாரண சிடி-ராம் என்று கணக்கில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு எச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்புளோரர், சிடி பர்னிங், டிரைவ்ஸ் என்ற வழியில் இருக்கிறது. அங்கே ‘வால்யூம்’ என்று தொடங்கும் கோப்புறைக்குள் ‘டிரைவ் டைப்’ என்ற மதிப்பில் 1 என்றால் சிடி-ஆர் எழுதும், 2 என்றால் சிடி-ஆர்டபிள்யூவும் எழுதும், 3 என்றால் எழுதவே தெரியாது. 3 இருந்தால் 2 ஆக்குங்கள். வழியில் ‘கரண்ட் யூசர்’ இருப்பதைக் கவனித்தீர்களா? இது பயனருக்குப் பயனர் தனித்தனி. ஒரே கணினியில் ஒருவர் நுழைந்தால் எழுதுகிறது, இன்னொருவர் நுழைந்தால் எழுதவில்லை என்ற மர்மத்துக்குக் காரணம் பலமுறை இதுதான். ‘பாலிசீஸ்’ என்ற கோப்புறையின் ‘எக்ஸ்புளோரர்’ பகுதியில் ‘நோசிடிபர்னிங்’ என்ற மதிப்பு 1 என்று இருந்தாலும் இதே கதைதான். அதை 0 ஆக்க வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் ‘இமாபி சிடி-பர்னிங் காம் சர்வீஸ்’ என்பது ‘டிஸேபிள்டு’ என்று கிடந்தால் ‘மேனுவல்’ ஆக்குங்கள். எக்ஸ்பியை வேகமாக்குகிறேன் என்று யாராவது வந்து சர்வீஸ்களை அணைத்துவிட்டுப் போன கணினிகளில் இது நிச்சயம் அணைந்திருக்கும். சி டிரைவில் குறைந்தது 1 ஜிபி காலி இடமும் வேண்டும், எழுதுமுன் எல்லாவற்றையும் எக்ஸ்பி அங்கேதான் நகலெடுத்து வைக்கும்.

நான்காவது வகை: தொடங்குகிறது, எழுதும்போது மவுஸ்கூட நகர மறுக்கிறது, பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது, பாதி டிஸ்க் வீண். இதற்கு ரைட்டரைக் குறை சொல்லிப் புதியது வாங்குபவர்கள் உண்டு. புதியதும் அப்படியே செய்யும். எக்ஸ்பியின் ஒரு பழக்கம் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஐடிஇ வழியில் டேட்டா போகும்போது பிழையோ தாமதமோ ஏற்பட்டால் எக்ஸ்பி எண்ணிக்கொண்டே வரும். மொத்தம் ஆறு ஆனதும் வேகத்தை ஒரு படி இறக்கும். இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில் பிராசசரைத் தொந்தரவு செய்யாத டிஎம்ஏ முறையை விட்டு மெதுவான பிஐஓ முறைக்குப் போய்விடும். பிறகு தானாக மேலே ஏறாது. கீறல் விழுந்த நாலைந்து டிஸ்க்குகளைப் பிடிவாதமாகப் படிக்க வைத்தாலே போதும், ஆறு பிழை சேர்ந்துவிடும்.

பிஐஓ முறையில் ஒவ்வொரு துளி டேட்டாவையும் பிராசசரே தன் கையால் தூக்கி வைக்க வேண்டும். காகிதத்தில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 16.6 எம்பி. டிவிடி ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 1,385 கேபி, 16 மடங்கு என்றால் 22 எம்பி. ரைட்டருக்குள் டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பஃபர் பலவற்றில் 2 எம்பிதான், 16 மடங்கில் எழுதும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட அது தாங்காது. பஃபர் காலியானால் பழைய ரைட்டரில் டிஸ்க் போச்சு. இதைத் தடுக்கும் அண்டர்ரன் பாதுகாப்பு உள்ள ரைட்டர் எழுதுவதை நிறுத்தி, காத்திருந்து, விட்ட இடத்தில் ஒட்டுப்போடும். ஒட்டு அதிகமானால் டிஸ்க் எல்லா பிளேயரிலும் ஓடும் என்று சொல்ல முடியாது.

பார்ப்பது எப்படி? டிவைஸ் மேனேஜரில் ‘ஐடிஇ அட்டா/அட்டாபி கண்ட்ரோலர்ஸ்’ கீழே ‘செகண்டரி ஐடிஇ சேனல்’, அதன் ப்ராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’. மேலே ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நம் விருப்பம் மட்டும். கீழே ‘கரண்ட் ட்ரான்ஸ்ஃபர் மோட்’ என்ற வரியில் இருப்பதுதான் உண்மை நிலவரம். அங்கே ‘பிஐஓ மோட்’ என்று இருந்தால், அந்த சேனலை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவை அல்ல, சேனலை. ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் சேனலைப் புதிதாகக் கண்டுபிடிக்கும், பழைய பிழைக் கணக்கும் போய்விடும். இன்னொரு முறை ரீஸ்டார்ட் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இப்போது அந்த வரியில் ‘அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2’ அல்லது 4 என்று வர வேண்டும். 4 வர 80 கம்பி கேபிள் அவசியம். சில நாளில் மறுபடி பிஐஓவுக்கு இறங்கினால் கேபிளை மாற்றுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் டிரைவின் லேசர் தளர்ந்துவிட்டது.

லேசர் என்றதும் ஒன்று. டிவிடி ரைட்டரில் இரண்டு லேசர்கள் இருக்கின்றன, சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. சிடி படிக்கிறது, எழுதுகிறது, டிவிடியைப் போட்டால் மட்டும் ‘இன்சர்ட் டிஸ்க்’ என்கிறது என்றால் இரண்டாவது லேசர் போய்விட்டிருக்க வாய்ப்பு அதிகம். எந்த ரிஜிஸ்ட்ரி வேலையும் அதை எழுப்பாது. லென்ஸ் தூசி என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைக்கலாம், அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும்.

டிஸ்க்கும் பழுதாகத் தோன்றும். 2003-க்கு முந்தைய ரைட்டர்களில் சில டிவிடி மைனஸ் ஆர் வகை டிஸ்க்கில் மட்டும் எழுதும், சில டிவிடி பிளஸ் ஆர் வகையில் மட்டும். முன்பக்கத்தில் உள்ள முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அந்தக் காலத்து நாலு மடங்கு ரைட்டருக்கு இன்றைய 16 மடங்கு டிஸ்க் யாரென்றே தெரியாது. அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் அந்த டிஸ்க்குக்கான லேசர் அளவு எழுதப்பட்டிருக்காது. ‘அல்ட்ரா ஸ்பீடு’ என்று போட்ட சிடி-ஆர்டபிள்யூவும் பழைய ரைட்டரில் எழுதாது. 16 மடங்கு டிஸ்க்கை 8 மடங்கில் எழுதினால் பொதுவாகக் குறை வராது. 4.7 ஜிபி என்று போட்ட டிஸ்க்கில் விண்டோஸ் கணக்குப்படி 4.38 ஜிபிதான் பிடிக்கும். நிறுவனம் ஏமாற்றவில்லை, அது ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

பழைய லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ரெட் ஹேட் 9 போன்ற, 2.4 கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) உள்ளவற்றில் ஐடிஇ ரைட்டரை ஸ்கஸி என்ற வேறு வகை இணைப்பில் இருப்பது போல நடிக்க வைத்தால்தான் சிடிரெக்கார்டு என்ற எரிக்கும் மென்பொருள் அதைக் காணும். ரைட்டர் செகண்டரி மாஸ்டர் என்றால் அதன் பெயர் எச்டிசி. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் கெர்னல் வரியின் கடைசியில் ‘எச்டிசி சமம் ஐடிஇ-ஸ்கஸி’ (hdc=ide-scsi) என்று சமக்குறி போட்டு இடைவெளி இல்லாமல் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பிறகு சிடிரெக்கார்டை ஸ்கேன்பஸ் கட்டளையோடு ஓட்டினால் 0,0,0 என்பது போன்ற மூன்று எண்களோடு ரைட்டரின் பெயர் வரும். 2.6 கெர்னலில் இந்த நாடகம் தேவையில்லை.

கடைசியாக, கண்காணிப்பு கேமராப் பதிவை டிஸ்க்கில் எழுதிக் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் அலுவலகங்களுக்கும். எழுதி முடித்தபின் ‘வெரிஃபை’ கட்டாயம் ஓட்டுங்கள், டிஸ்க்கை ‘ஃபைனலைஸ்’ செய்யுங்கள், அப்போதுதான் வேறு கணினியில் திறக்கும். விண்டோஸ் 7-இல் எழுதினால் ‘யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல’ என்ற தேர்வை விட்டுவிட்டு ‘மாஸ்டர்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி கொடுக்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) குறிப்பிட வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 7-இல் கட்டளைத் திரையில் ‘செர்ட்யூட்டில்’ கட்டளையின் ஹாஷ்ஃபைல் வசதியில் எஸ்எச்ஏ256 என்று கேட்டால் அது கிடைக்கும். எழுதுவதற்கு முன் ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புக்கு ஒருமுறை, எழுதியபின் டிஸ்க்கில் உள்ளதற்கு ஒருமுறை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கவரில் போடுங்கள்.

தங்கள் கணினிப் பகுதியில் அந்த வாசகருக்கு மறுபதில் வெளியிடுவதாக இருந்தால், முழுக் கடிதத்துக்கும் இடமில்லாவிட்டாலும் 965, 967 பற்றிய பத்தியை மட்டும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
திருச்சி.